கண்ணாடிக்குள் கட்டிய கோபுரம்

“...வேற ஒண்ணும் வேண்டாமுங்க. இதை எழுதின கை எதுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் கடைக்குள் இரண்டே அடி வைத்து நின்றிருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்ததால் வெறுங்காலில் இருந்த செம்மண் எங்கள் வழவழப்பான தரையில் ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறிவரும் ரோட்டில் பனிக்குள் தெரிந்தவரை தலைகள். அவர் விரல் நீட்டிய இடத்தில் ஒரு சார்ட் அட்டை. அதில் பச்சை மையில், முழ நீளத்துக்கு, ‘டீத்தூள் இலவசம்!’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே ரெண்டு இலை, ஒரு மொட்டு.

கடையில் நாங்கள் பதினான்கு பேர் இருந்தோம். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு கவனமாக ஒருவனைப் பார்க்காமல் இருந்தாலே அவன்தான் ஆள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். என் வலது கை நகக்கண்ணில் அந்தப் பச்சை மை இன்னும் போகாமல் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அந்த நிமிஷத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஒரே கடை அல்ல. கீழே சமவெளியில் பல ஊர்களில் ஒரே பேரில், ஒரே நிறப் பலகையில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டின் குன்னூர்க் கிளை. அது வருவதற்கு முன் இங்கே கடை என்றால் நடுவில் ஒரு மேசை, அந்தப் பக்கம் செட்டியார், இந்தப் பக்கம் நாம். கேட்டால் எடுத்துக் கொடுப்பார். எங்கள் கடையில் நாமே கூடையை மாட்டிக்கொண்டு நாமே எடுக்கவேண்டும். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து முதல்முறை வந்த ஒரு அம்மா, எடுத்த சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “கேக்காம எடுக்கச் சொல்றீங்களே, எங்க அய்யா இருந்தா முதுகுத் தோலை உரிச்சிருப்பாரு” என்றார். பழகப் பழக அதே அம்மா சம்பள நாளில் பிள்ளைகளுக்கு நல்ல துணி உடுத்திக் கூட்டி வந்து, ஒரு வரிசை விடாமல் சுற்றிக் காட்டிவிட்டு, பன் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போவார். வெலிங்டன் பக்கத்து ராணுவக் குடும்பங்களும் எஸ்டேட் துரைமார் வீட்டு அம்மாக்களும் சீஸ் வாங்க வருவார்கள். படகர் ஊர்களிலிருந்து, ஹட்டி என்று சொல்வோமே, அங்கிருந்து கேரட்டும் பீட்ரூட்டும் எங்கள் கடைக்கு வரும். ரொட்டி ஏற்றிக்கொண்டு மேலே வருகிற வேன், கேரட் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும்.

எல்லாவற்றையும்விட அந்தக் கண்ணாடி. கடையின் முகப்பு முழுக்க ஒரே துண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து வைக்கோலுக்குள் படுக்க வைத்து, வளைவுக்கு வளைவு லாரியை நிறுத்தி இறங்கிப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார்களாம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் பார்த்துத்தான் தலை சீவுவார்கள். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை ஒருவர் அதன் முன் நின்று மூன்று முறை சட்டை காலரைச் சரி செய்ததை உள்ளிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறோம். கதவுக்கு ஷட்டர் உண்டு. கண்ணாடிக்கு இல்லை. இவ்வளவு அழகை எதற்கு மூடுவது என்று கட்டியவர்கள் நினைத்திருக்கலாம்.

அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிற மரமேடைதான் என் பொறுப்பு. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். பஸ் போர்டையும் சினிமா போஸ்டரையும் பார்த்துப் பார்த்து எழுத்து போடப் பழகியிருந்தேன். அலமாரி அடுக்குவேன், வாராவாரம் மேடையில் ஏதாவது ஒன்றைக் கோபுரமாகக் கட்டுவேன், பக்கத்தில் ஒரு போர்டு எழுதி வைப்பேன்.

பிறகு தேயிலைக்கு விலை விழுந்தது. விழுந்தது என்றால் ஒரு நாளில் அல்ல. படிப்படியாக, காலடியில் மண் சரிவதுபோல. என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். சம்பளம் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் பாடு அதைவிட மோசம். பறித்த இலையை ஃபேக்டரி வாசலில் இறக்கினால், இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பறிக்கிற கூலிக்கே காணாது என்று பறிக்காமல் விட்டார்கள். பறிக்காத செடி மரமாக நெடுநெடுவென்று வளர்ந்து நின்றதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

கடைக்குள் அது எப்படித் தெரிந்தது என்றால், கூடையில் தெரிந்தது. முதலில் சீஸ் போனது, பிறகு ஜாம், பிறகு பெரிய ரொட்டி சின்ன ரொட்டியானது. பில் போடும் அக்கா ஒருத்தர் எங்களோடு இருந்தார், வாயைத் திறந்தால் பொறி பறக்கும். “முன்னே இவங்க கூடையைத் தூக்கிட்டு வந்தாங்க. இப்ப கூடைதான் இவங்களைத் தூக்கிட்டு வருது” என்பார்.

கீழே ஒரு ஊரில் ஓடாத கிளையைக் கம்பெனி மூடிவிட்டது என்ற செய்தி ரொட்டி வேனோடு வந்தது. எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், குளிரில் எந்நேரமும் மப்ளர் சுற்றியிருப்பார். அவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. எதைப் பார்த்தாலும் கடை மூடுவதற்கான காரணமாகத் தெரிந்தது. ஒரு தடவை ஒரு பையன் அடித்த பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பியதற்கு அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கண்ணாடி போச்சுன்னா புதுக் கண்ணாடி அனுப்ப மாட்டாங்க கண்ணு. பூட்டுத்தான் அனுப்புவாங்க” என்றார். அது எங்கள் எல்லோர் மனசிலும் பதிந்துவிட்டது. எங்கள் வீட்டில் நாள் தவறாமல் வந்த சம்பளம் என்னுடையது ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் கீழேயிருந்து அட்டைப்பெட்டிகள் வந்தன, கூடவே ஒரு தாள். பெரிய சலவைத்தூள் பாக்கெட் வாங்கினால் சின்ன டீத்தூள் பாக்கெட் இலவசம். அந்த டீத்தூளைக் கண்ணாடி மேடையில் கோபுரமாகக் கட்டவேண்டும். ஒரு வாரத்துக்குள் போட்டோ எடுக்க ஆள் வரும். அதுவரை யாரும் கலைக்கக் கூடாது. மலையில் குளிர், டீ நன்றாக ஓடும் என்று கீழே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். தேயிலை விளைகிற ஊரில், தேயிலை செத்துக்கொண்டிருக்கிற வருஷத்தில், தேயிலையை இலவசமாகக் கொடுக்கிறோம் என்று கண்ணாடிக்குள் வைக்கச் சொல்கிறோமே என்று அவர்களுக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையே! மேனேஜருக்குத் தோன்றவில்லை, அக்காவுக்குத் தோன்றவில்லை, கொழுந்து பறிக்கிறவள் வயிற்றில் பிறந்த எனக்குத் தோன்றவில்லை. சலவைத்தூளை யார் நின்று பார்ப்பார்கள் என்று அதை மூலையில் பொடியாக எழுதினேன். டீத்தூளையும் இலவசத்தையும் பெரிதாக எழுதினேன். இடம் மிச்சமிருந்தது என்று கொழுந்தும் வரைந்தேன். இரண்டு நாள் வேலை. வெளியே போய் நின்று பார்த்து எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் டவுனுக்கு வந்த என் அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். உதடு அசைவதை உள்ளிருந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன், பாராட்டுவாள் என்று.

“நாங்க காசு வாங்காமப் பறிச்சுக்கிட்டிருக்கோம். நீ காசு வாங்காமக் குடுக்க ஆரம்பிச்சுட்டியா சாமி?” என்றாள். கோபம் எதுவும் இல்லை. கேட்டுவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

என் பயம் அங்கே ஆரம்பித்தது. திரும்பிப் போர்டைப் பார்த்தபோது, யாரோ எழுதியதுபோல இருந்தது. அன்று சாயங்காலமே சேதி வந்தது. வியாழக்கிழமை சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகள் எல்லோரும் விலை போகாத இலையை மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு ஊர்வலமாக வந்து, ஏலம் நடக்கிற ஆபீஸ் முன்னால் ரோட்டில் கொட்டப் போகிறார்களாம். எங்கோ ஒரு வளைவில் பஸ் கண்ணாடி ஒன்று உடைந்ததாகவும் சொன்னார்கள். ஊர்வலம் எங்கள் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மேனேஜரிடம் ஓடினேன். “சார், எடுத்துடலாம்.”

அவர் முகம் வெளுத்தது. அப்போதுதான் அவரும் அந்தப் போர்டை முதல்முறையாகப் படித்தார் என்று நினைக்கிறேன். “ஐயோ” என்றார். பிறகு, “நாமளா எடுக்கக் கூடாது தம்பி. அந்த இடத்துக்குச் சலவைத்தூள் கம்பெனிக்காரன் காசு கட்டியிருக்கான். கை வெச்சா என்ற வேலை போயிரும்” என்றார். கீழே ஆபீஸுக்குப் போன் போட்டார். அந்த செக்‌ஷன் ஆள் லீவு. மறுநாளும் போட்டார். இன்னும் லீவு. மூன்றாம் முறை எடுத்தவர், எழுதி அனுப்புங்கள் என்றார். “எழுதி அது மலை இறங்கறதுக்குள்ள இவங்க மலை ஏறிருவாங்க போலிருக்கே!” என்று போனை வைத்துவிட்டு எங்களிடம் கத்தினார். எங்களுக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மூடுபனி. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். “ஏனுங்க, நாமளும் கதவைச் சாத்திப்போட்டு ஊட்டுக்குப் போயிரலாமா?” என்று மேனேஜர் கேட்டார். அக்காதான் தடுத்தார். “கதவைச் சாத்தலாம் சார், கண்ணாடியை எதால சாத்துவீங்க? உள்ளே ஆள் இல்லாத கண்ணாடின்னா எறியறவனுக்குக் கை கூசாது. நாலு மூஞ்சி தெரிஞ்சா கொஞ்சம் யோசிப்பான்.” அது சரியாகப் பட்டது. சரியாகப் பட்டதால் பயம் குறைந்துவிடவில்லை.

கலைக்கத்தானே கூடாது, மறைக்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். மேனேஜர் உடனே ஒப்புக்கொண்டார். பார்சல் சுற்றும் பழுப்புத்தாளை உள்பக்கமாகக் கண்ணாடியில் ஒட்டினோம். குளிர்நாளில் அந்தக் கண்ணாடி உள்ளே வியர்க்கும் என்பது வருஷக்கணக்காக அதைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கே மறந்துவிட்டது. டேப் பிடிக்கவில்லை. ஒரு மூலையை ஒட்டினால் மறு மூலை தொங்கியது. ஈரத்தில் தாள் நமுத்த அப்பளம்போல் வளைந்தது. அதற்குள் கீழே பஸ் ஸ்டாண்டில் கோஷம் கேட்டது. பனிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது, ஆள் தெரியவில்லை. எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று கணிக்க முடியவில்லை.

அக்கா மேடையில் ஏறித் தாளின் ஒரு பக்கத்து இரண்டு மூலைகளையும் கையால் அழுத்திப் பிடித்தார்.

“அக்கா, பயமா இல்லையா?”

“இருக்கு. இப்ப கை வேலையா இருக்கு, அதுக்கப்புறம் பயந்துக்கறேன். நீ ஏறி அந்தப் பக்கத்தைப் பிடி.”

பிடித்தேன். பனியைக் கிழித்துக்கொண்டு முதல் தலைகள் வந்தன. எல்லோர் தோளிலும் இலை மூட்டை. பெண்கள் இடுப்பில் கூடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் நடந்தார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரிந்த முகம். போன மாசம்வரை என்னிடம் பிஸ்கட் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள். இன்றைக்கு ஒருவரும் தலையாட்டவில்லை.

ஒரு இளவட்டம் நின்று பார்த்தான். பழுப்புத்தாள், அதன் இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர், நான்கு கைகள்.

“என்னடா இது, உள்ளே கல்யாணப் பொண்ணையா ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

நாலு பேர் சிரித்தார்கள், நின்றார்கள். நின்றவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். சரியாக அப்போது நடுவில் தாள் ஈரத்தில் இற்றுக் கிழிந்தது. என் கையில் ஒரு துண்டு, அக்கா கையில் ஒரு துண்டு. நடுவில் கோபுரம். அதன் பக்கத்தில் நான் எழுதிய போர்டு.

சிரிப்பு நின்றது. ஒருவன் உரக்கப் படித்தான். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, என்ன என்ன என்றார்கள். “டீத்தூள் இலவசமாம்!” என்று ஒருவர் திரும்பிச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, அந்த வார்த்தை ரோட்டில் இறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. “நாங்க தெருவுல கொட்டறோம், இவன் கொலு வச்சிருக்கான் பாரு!” என்று ஒரு பெண் குரல். “எங்க உசுரும் இலவசமாடா?” என்று இன்னொன்று. ரோட்டோரத்தில் ஒருவர் குனிந்தார். அறுந்த செருப்பைச் சரி செய்யக் குனிந்தாரோ, வேறெதற்கோ. இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கண்ணாடி உடைந்தால் அதன் பின்னால் முதலில் நிற்பது என் முகம் என்பது அப்போதுதான் உறைத்தது. மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். கேரட்காரர் என்றுதான் அவரை அழைப்போம். பக்கத்து ஹட்டி. கொஞ்சம் கேரட், ஒன்றரை ஏக்கர் தேயிலை. செவ்வாய்க்கிழமைதோறும் கேரட்டை இறக்கிவிட்டு, வீட்டுக்கு ஒரு ரொட்டி வாங்குவார். என்னிடம் நின்று பேசாமல் போகமாட்டார். விலை இருந்தபோது, “என் தோட்டத்துல ஒவ்வொரு செடியும் என்னைப் பார்த்தா எந்திரிச்சு நிக்கும்” என்று பெருமை அடிப்பார். விலை போன பிறகு, “இப்ப மூஞ்சியைத் திருப்பிக்குது” என்றார். அதற்குப் பிறகு சில வாரமாக அவர் வரவில்லை. இன்றைக்கு ஊர்வலத்தின் முன்வரிசையில் வந்திருக்கிறார்.

மேனேஜர் கும்பிட்டபடி ஓடினார். “கம்பெனி சொன்னதுங்க... மேலிடத்து உத்தரவுங்க... போன்கூடப் போட்டமுங்க...”

கேரட்காரர் அதைக் காதில் வாங்காமல்தான், எழுதின கை எது என்று கேட்டார்.

முதுகுக்குப் பின்னால் ஒளித்த கையை வெளியே எடுத்தேன். துணிச்சலால் அல்ல. இவர் பதில் இல்லாமல் வெளியே போனால் அடுத்து உள்ளே வருவது இவராக இருக்காது என்ற பயத்தால்.

“நான்தாண்ணா.”

“நீயா?” என்றார். ஒரு வார்த்தைதான். ஒரு அறை வாங்கியிருந்தால் தேவலை.

“எங்கம்மாவும் கொழுந்துதாண்ணா பறிக்குது. எனக்குத் தோணலைண்ணா. சத்தியமா தோணலை.”

அவர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “இலையை எதைப் பார்த்து வரைஞ்ச?”

“அம்மா கூடையில கிடந்ததைண்ணா.”

“அதான். நல்ல இலை” என்றார்.

வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. “என்னண்ணா, உள்ளேயே குடித்தனம் பண்றியா? நீ வெளியே வா, நாங்க பார்த்துக்கறோம்!” கேரட்காரர் திரும்பவில்லை. ஆனால் அவர் தோளில் இருந்த மூட்டையின் வாயைப் பிடித்திருந்த கை அதை இன்னும் இறுக முறுக்குவதைப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் இருந்த பயத்தைவிட, அவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள்மேல் இருந்த பயம் பெரிது என்று அப்போது புரிந்தது. அதற்குப் பிறகுதான் நான் நிஜமாகவே பயந்தேன்.

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். மரமேடையில் காலை வைத்து ஏறினார்.

“ஏனுங்க, அதைத் தொடக் கூடாதுங்க...” மேனேஜர் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“சார், கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?” என்றார் அக்கா.

கேரட்காரர் உச்சியில் இருந்த பாக்கெட்டை எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். வாங்கினேன். அடுத்தது. நான் அக்காவிடம் கொடுத்தேன், அக்கா மேனேஜர் கையில் திணித்தார். கை வைத்தால் வேலை போய்விடும் என்றவர், மார்போடு அணைத்துப் பிடிக்க முடியாத அளவு டீத்தூளோடு நின்றார். எவரும் அவசரப்படவில்லை. வெளியே கோஷமும் இல்லை. உள்ளே ஒரு ஆள் தனியாக என்ன செய்கிறான் என்று பார்க்கிற மௌனம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயக்கூடிய மௌனம். ஒரு பாக்கெட் கை தவறி விழுந்த சத்தத்துக்கு நாங்கள் பதினான்கு பேரும் தோளைக் குறுக்கினோம்.

அடிவரிசையும் போய் மேடை வெறுமையானது. அவர் என் போர்டைக் கையில் எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. எழுத்து மேலே தெரியும்படி மேடையில் படுக்க வைத்தார். இறங்கி மூட்டையைத் தூக்கி வந்து, கயிற்றை அவிழ்த்து, அதன்மேல் இலையைக் கொட்டினார். பறித்து ஒரு நாள் ஆகியிருந்ததால் ஓரம் சிவந்து, உள்ளுக்குள் சூடேறியிருந்த இலை. ரொட்டி வாசனையும் சோப்பு வாசனையுமாக இருந்த கடையில் பச்சை வாசனை ஏறியது. குவிந்ததை ஃபேக்டரியில் வாட்டுவதற்குப் பரப்புவதுபோல் இரண்டு கையாலும் பரப்பினார். நான் எழுதியதில் ஒரு எழுத்துகூட வெளியே தெரியவில்லை.

பிறகு சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அந்தப் பெரிய கண்ணாடியை உள்ளிருந்து விரல் முட்டியால் இரண்டு முறை தட்டி, வெளியே நின்றவர்களைக் கிட்ட வந்து பார்க்கச் சொல்லிக் கையசைத்தார்.